ஆஸ்கர் தொட்டிக்குள் யாரை விடலாம்? கொளத்தூர் கலர் மீன் கடைகளில் ஒரு ஞாயிறு

சென்னையில் கலர் மீன் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் கொளத்தூர்தான். வில்லிவாக்கம் ரயில் நிலையத்தில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் ‘கொளத்தூர் மீன் கடை’ என்று சொல்லிப் பாருங்கள். குழம்புக்கா, தொட்டிக்கா என்று அவர் கேட்க மாட்டார்.

தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் காதில் விழுவது ஏர் பம்ப் சத்தம். இரண்டு பக்கமும் கண்ணாடித் தொட்டிகள். ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து, பைக்குள் காற்றடித்து ரப்பர் பேண்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறார் ஒரு பையன். உயிர்ப்புழு, தீவனம், கூழாங்கல், மோட்டார், தொட்டி வைக்க இரும்பு ஸ்டாண்ட் என எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கின்றன. இந்தப் பக்கத்தில் மொட்டை மாடியிலும் வீட்டின் பின்புறத்திலும் தொட்டி கட்டி, மீன் வளர்த்தே பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் உண்டு. இங்கே தெர்மாகோல் பெட்டியில் ஏறும் மீன், மறுநாள் காலை மதுரையிலோ திருச்சியிலோ ஒரு கடைத் தொட்டியில் நீந்தும். வண்ணமீன் வியாபாரத்துக்கென்றே பக்கத்து வில்லிவாக்கத்தில் சி.எம்.டி.ஏ. ஒரு வர்த்தக மையமும் கட்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். குழந்தைகள் கப்பியையும் கோல்டு ஃபிஷ்ஷையும் விட்டு நகர்வதில்லை. இளைஞர்கள் கூட்டமாக நிற்கும் இடம் வேறு. ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன், கிரீன் டெரர், பாரட் என்று பெயர் ஒட்டிய தொட்டிகள் அவை. எல்லாமே சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தத் தொட்டிகளுக்கு முன்னால் நான் நின்ற இரண்டு மணி நேரத்தில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது ஒரே கேள்விதான்: “அண்ணே, இதுகூட வேற என்ன மீன் விடலாம்?”

சாதாரணக் கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால், இதற்குத் தப்பான பதில் கிடைத்தால் முதலில் தொட்டியில் ஒரு மீன் சாகும். கொஞ்ச நாள் கழித்து, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரிக்கும் ஆபத்து வரும். அது எப்படி என்று பார்ப்பதற்கு முன், இந்த மீன்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

ஜிலேபியும் இந்தக் குடும்பம்தான்

சிக்லிட் என்றால் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் ஜிலேபி மீன், அதாவது திலேப்பியா, ஆப்பிரிக்காவின் சிக்லிட். 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று எந்தக் குளத்தில் வலை போட்டாலும் வருகிறது. கேரளத்தில் வாழையிலையில் சுற்றிச் சுட்டுத் தருகிறார்களே கரிமீன், அது நம் மண்ணுக்கே சொந்தமான சிக்லிட். 2010-ல் கேரளத்தின் மாநில மீனாக அறிவிக்கப்பட்டது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் இது. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலும், தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காவிலும் வாழ்கின்றன. இந்தக் குடும்பத்து மீன்களிடம் பொதுவாக இரண்டு குணங்களைப் பார்க்கலாம். ஒன்று, இடப்பற்று. ‘இந்தக் கல்லுக்குப் பக்கம் என்னுடையது’ என்று ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டால், வேறு யாரையும் கிட்டே விடாது. இன்னொன்று, பிள்ளைப் பாசம். முட்டையிட்டுவிட்டுப் போய்விடும் மீன்கள் நிறைய. சிக்லிட் அப்படியில்லை. முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், சண்டைக்குக் காரணமே இந்த இரண்டு குணங்களும்தான். ஆற்றில் தோற்ற மீன் தப்பித்து ஓடிவிடும். நாலடித் தொட்டியில் எங்கே ஓடும்? அதனால், துணைக்கு எந்த மீன் என்பதை நாம்தான் யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

பார்க்க வேண்டிய நாலு பொருத்தம்

முப்பது வருடமாகக் கடை வைத்திருப்பதாகச் சொன்ன பெரியவர் ஒருவர், வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் பேசிக்கொண்டிருந்தார். “கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாக்குறோம். மீனுக்கு நாலு பாத்தா போதும் சார்” என்றார். அவர் சொன்ன அந்த நாலையும், மீன் வளர்ப்பவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் விஷயங்களையும் சேர்த்துத் தருகிறேன்.

முதலாவது, வாய்ப் பொருத்தம். பெரிய சிக்லிட்டின் வாய்க்குள் போகும் அளவில் இருப்பதெல்லாம் அதற்குச் சாப்பாடு. கப்பி, நியான் டெட்ரா, மோலி எல்லாம் ஆஸ்கருக்குத் துணை ஆகாது. இரவு உணவு ஆகும். துணை மீன் அதன் வாயைவிட எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, வளர்ச்சிப் பொருத்தம். கடையில் எல்லா மீனும் இரண்டு அங்குலம்தான். ஆனால், ஆஸ்கர் நன்றாகச் சாப்பிட்டால் முதல் சில மாதங்களில் மாதத்துக்கு ஓர் அங்குலம்கூட வளரும். ஒரு வருடத்தில் ஓர் அடியை நெருங்கிவிடும். பத்து வருடங்களுக்கு மேலும் உயிரோடு இருக்கும். இன்றைய அளவை மறந்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து இருக்கப்போகும் அளவுக்குத்தான் துணை தேட வேண்டும்.

மூன்றாவது, குணப் பொருத்தம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உருவத்திலும் நிறத்திலும் தன்னைப் போலவே இருக்கும் மீனோடுதான் சிக்லிட் அதிகம் சண்டை போடும். போட்டிக்கு வந்திருக்கிறான் என்று நினைக்குமோ என்னவோ! அதிலும் இரண்டு ஆண் என்றால் கேட்கவே வேண்டாம். உடலமைப்பில் வேறுபட்ட, நீந்தும் உயரத்திலும் வேறுபட்ட மீன்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. ஒன்று நடுத்தண்ணீரில், ஒன்று அடித்தரையில் என்று பிரிந்துகொண்டால் பிரச்சினை குறையும்.

நாலாவது, தண்ணீர்ப் பொருத்தம். அமேசான் பகுதியிலிருந்து வந்த ஆஸ்கர், செவரம் போன்றவை மென்மையான, லேசாக அமிலத்தன்மை உள்ள தண்ணீரில் பிறந்தவை. ஆப்பிரிக்காவின் மலாவி, தங்கனீக்கா ஏரி மீன்களுக்கு உப்புச் சத்து மிகுந்த, காரத்தன்மை உள்ள கடினத் தண்ணீர் வேண்டும். சென்னை போர்வெல் தண்ணீரில் ஆப்பிரிக்க மீன்கள் செழிப்பாக வளர்வதற்குக் காரணம் இதுதான். இரண்டு கண்டத்து மீன்களையும் ஒரே தொட்டியில் விட்டால், யாராவது ஒருவர் கஷ்டப்பட்டே ஆக வேண்டும். கோல்டு ஃபிஷ்ஷையும் ஆஸ்கரோடு விடக் கூடாது. அது குளிர்ந்த தண்ணீருக்குப் பழகிய, மெதுவாக நீந்தும் மீன்.

ஆஸ்கருக்கு ஏற்றவர்கள்

ஆஸ்கரை வளர்த்தவர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம் வந்துவிடும். சாப்பாடு போடுபவரை அடையாளம் தெரிந்துகொண்டு கண்ணாடிக்கு ஓடி வரும். பிடிக்காத கல்லை வாயால் தூக்கி வேறு இடத்தில் வைக்கும். தண்ணீர் மாற்றினால் கோபித்துக்கொண்டு ஒரு பக்கமாகப் படுத்துக்கொள்ளும். வால் பக்கம் கண் போன்ற ஒரு புள்ளி இருக்கும். உண்மையில் ஆஸ்கர் பெரிய சண்டைக்காரன் இல்லை. பெரிய வாய் உள்ளவன், அவ்வளவுதான்.

அதற்கு நல்ல துணை என்று முதலில் வருவது சில்வர் டாலர். வெள்ளித் தட்டு மாதிரி வட்டமான உடல், ஆறு அங்குலம் வரை வளரும், சுறுசுறுப்பானது. பிரானா மீனுக்குச் சொந்தம் என்றாலும் சைவம். ஐந்தாறாகக் கூட்டமாக விட வேண்டும். இவை பதற்றமில்லாமல் சுற்றி வருவதைப் பார்த்தால், பெரிய மீனுக்கும் பயம் தெளிந்துவிடும். தொட்டியில் செடி வைத்திருந்தால் மட்டும் மிஞ்சாது. வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: பாக்கு என்ற மீனும் குட்டியில் இதே போலத்தான் இருக்கும். மீன் கடையில் ரூப்சந்த் என்று கிலோ கணக்கில் விற்பது அதுதான். எவ்வளவு பெரிதாகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

செவரம் இன்னொரு நல்ல தேர்வு. இதுவும் தென் அமெரிக்க சிக்லிட்தான், எட்டு அங்குலம் வளரும், சாதுவான சுபாவம். தரையில் வாழ பாலிப்டெரஸ் ஏற்றது. பாம்பு மாதிரி நீண்ட உடல், முதுகில் வரிசையாகச் செதில் முட்கள். மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். செனகல் வகை ஓர் அடி வரை வளரும். தொட்டிக்கு இடைவெளி இல்லாத மூடி அவசியம். இரவில் எகிறிக் குதித்துவிடும்.

டின்ஃபாயில் பார்ப், பாலா ஷார்க் இரண்டும் ஆஸ்கரோடு ஒத்துப்போகும். ஆனால், அவையும் ஓர் அடி வளர்பவை, கூட்டமாக நீந்துபவை. ஆறடித் தொட்டி இல்லாதவர்கள் அவற்றை ஆசைப்படாமல் இருப்பது நல்லது.

பாரட் மீனையும் ஆஸ்கரோடு விடுகிறார்கள். ஆரஞ்சு நிறத்தில், எப்போதும் வாயைத் திறந்தபடி இருக்குமே, அதுதான். இரண்டு இனங்களைக் கலந்து உருவாக்கிய மீன். அதன் வாய் முழுதாக மூடாது. கடித்துச் சண்டை போட முடியாது. அமைதியான ஆஸ்கரோடு தாக்குப்பிடிக்கும். முரட்டு மீன்களோடு விட்டால் அடி வாங்கியே ஒதுங்கிவிடும்.

தனிக்குடித்தனம் கேட்பவர்கள்

தலையில் பெரிய புடைப்போடு, உடலில் எழுத்து மாதிரிப் புள்ளிகளோடு இருக்கும் ஃபிளவர்ஹார்ன், 1990-களில் மலேசியாவில் பல சிக்லிட்களைக் கலந்து உருவாக்கப்பட்டது. வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று நம்பி வாங்குகிறார்கள். அதிர்ஷ்டம் யாருக்கு வந்தாலும், அதன் தொட்டிக்குள் போகும் மீனுக்கு வராது. “இதுக்குத் துணையே வேணாம் சார். கண்ணாடியில தன் முகத்தைப் பாத்தாலே முட்டும்” என்றார் பெரியவர். ரெட் டெவில், ஜாகுவார் சிக்லிட் ஆகியவையும் இதே ரகம்தான். இவற்றுக்கு நாம் தரக்கூடிய நல்ல துணை, காலியான தொட்டி.

ஜாக் டெம்ப்சி என்ற மீனுக்கு, 1919 முதல் 1926 வரை உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த அமெரிக்கக் குத்துச்சண்டை வீரரின் பெயரை வைத்திருக்கிறார்கள். கிரீன் டெரருக்குப் பெயரிலேயே மிரட்டல் இருக்கிறது. இவை இரண்டையும் பெரிய தொட்டியில், தங்கள் அளவுக்கு ஈடான மீன்களோடு வளர்ப்பவர்கள் உண்டு. ஆனால், ஆரம்பத்திலேயே இவற்றில் இறங்க வேண்டாம். கான்விக்ட் என்று உடலில் பட்டை பட்டையாகக் கோடு போட்ட ஒரு சிறிய சிக்லிட் இருக்கிறது. நாலைந்து அங்குலம்தான். முட்டையிட்டுவிட்டால், தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய மீனையும் மூலைக்குத் துரத்தும். எந்த சிக்லிட்டாக இருந்தாலும், ஜோடி சேர்ந்து முட்டை வைத்தால் மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுவதோ, நடுவில் கண்ணாடித் தடுப்பு வைப்பதோதான் வழி.

மலாவி ஏரியின் பாறை மீன்களுக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும். நீலம், மஞ்சள் எனக் கடல் மீன் மாதிரி ஜொலிப்பவை அவை. இரண்டு மூன்று விட்டால் பலசாலி பலவீனமானதை விரட்டிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கையைக் கூட்டி, ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற விகிதத்தில், ஒளிந்துகொள்ள நிறையப் பாறை இடுக்குகளோடு வளர்த்தால் அடி எல்லோருக்கும் பகிர்ந்துவிடும். யாரும் சாக மாட்டார்கள். நல்ல ஃபில்டர் கட்டாயம். இந்தக் கணக்கை ஆஸ்கர் தொட்டியில் போட்டுப் பார்க்கக் கூடாது.

கழிவு தின்னும் மீனா?

பெரிய மீன் வாங்குபவர்கள் கடைசியில், “தொட்டியைச் சுத்தம் பண்ண ஒரு சக்கர் குடுங்க” என்பார்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் அந்தக் கறுப்பு மீன், மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. தானும் ஏராளமாகக் கழிவு போடும். ஒன்றரை அடி வரை வளரும். பசி வந்தால், இரவில் அசையாமல் நிற்கும் பெரிய மீனின் மேல் ஒட்டிக்கொண்டு உடம்பில் இருக்கும் வழவழப்பை உறிஞ்சும், புண்ணாகிவிடும். தொட்டியைச் சுத்தம் செய்ய வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மாற்றுவதைத் தவிரக் குறுக்கு வழி இல்லை.

‘ஷார்க்’ என்று மூன்று அங்குலத்தில் விற்கும் வெள்ளி நிற மீனையும் கவனியுங்கள். ஹோட்டல்களில் முள் இல்லாத துண்டாக வரும் பாசா மீனின் குட்டிதான் அது. ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். செந்நிற வாலோடு அழகாக இருக்கும் ரெட்டெயில் கேட்ஃபிஷ்ஷும் அப்படித்தான். வளர்ந்த பிறகு உங்கள் ஆஸ்கரையே விழுங்கிவிடும்.

புது ஆளை உள்ளே விடும்போது

முதலில் தொட்டி. ஓர் ஆஸ்கருக்கே குறைந்தது நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வேண்டும். சுமார் 255 லிட்டர் பிடிக்கும். துணையும் வேண்டும் என்றால் ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடிதான் நிம்மதி. அதில் சுமார் 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே 680 கிலோ. கண்ணாடி, கல், ஸ்டாண்ட் தனி. மாடி வீட்டில் இருப்பவர்கள் தரை தாங்குமா என்று கட்டட விஷயம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

முடிந்தால் எல்லா மீனையும் குட்டியிலேயே ஒன்றாக வளர்த்துவிடுங்கள். ஏற்கெனவே பெரிய மீன் இருக்கும் தொட்டி என்றால், புது மீனை இரண்டு வாரமாவது தனித் தொட்டியில் வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு சேருங்கள். சேர்க்கும் நாளில் கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். பழைய மீனுக்கும் அது புது வீடாகத் தெரியும். ‘என் இடம்’ என்ற உரிமை தளரும். பழைய மீனுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் புதியதை விடுங்கள். மெட்ரோ தண்ணீர் ஊற்றுவதாக இருந்தால் குளோரின் நீக்க மறக்கக் கூடாது.

முதல் ஒரு வாரம் கவனம் தேவை. லேசாகத் துரத்துவது சகஜம். ஒரு மீன் மூலையிலேயே நிற்கிறது, சாப்பிட வரவில்லை, துடுப்பு கிழிந்திருக்கிறது என்றால் இனி சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே பிரித்துவிடுங்கள். கோடையில் தண்ணீர் சூடாகி ஆக்சிஜன் குறையும்போதும் சண்டை கூடும். ஏர் பம்ப்பைக் கூட்டி வைக்க வேண்டும்.

வாளியோடு வந்தவர்

மதியம் நெருங்கும் நேரத்தில் ஒருவர் ஸ்கூட்டரின் முன்னால் மூடிய பெயின்ட் வாளியை வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே ஒன்றரை அடி சக்கர் மீன், திரும்பக்கூட இடம் இல்லாமல். ஆஸ்கரோடு வளர்த்ததாம். “வீட்ல வெக்க முடியலண்ணே, எடுத்துக்குங்க. இல்லன்னா ஏரியில விட்டுடுவேன்” என்றார். பெரியவர் ஒன்றும் பேசாமல் வாளியை வாங்கி, கடைக்குப் பின்னால் இருந்த சிமென்ட் தொட்டியில் மீனை விட்டார். “காசு குடுக்க மாட்டேன். ஆனா, ஏரியில மட்டும் விட்டுடாதீங்க சார்” என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தொட்டியிலிருந்து தப்பியோ, விடப்பட்டோ போன சக்கர் மீன்கள் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் ஏரி, குளங்களில் பெருகிக் கிடக்கின்றன. முள்ளும் ஓடும் கொண்ட அந்த உடம்பு மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. கெண்டையும் குறவையும் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. பிடித்தாலும் வாங்க ஆள் இல்லை. 2023-ல் காஷ்மீரின் தால் ஏரியில் வட அமெரிக்காவின் முதலை வாய் மீனான அலிகேட்டர் கார் பிடிபட்டது. அதுவும் அங்கே தானாக நீந்திப் போயிருக்க முடியாது.

இரக்கப்பட்டுத்தான் பலர் ஏரியில் விடுகிறார்கள். ‘பாவம், சுதந்திரமாக இருக்கட்டும்’ என்று நினைக்கிறார்கள். ஆனால், ஆஸ்கரும் சக்கரும் நம் ஏரிக்கு விருந்தாளிகள் இல்லை. பிழைத்தால் நம் மீன்களைத் தின்னும். பிழைக்காவிட்டால் அவை சாகும். வளர்க்க முடியாத மீனைக் கடையில் திருப்பித் தரலாம், பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுக்கலாம். வேறு எங்கும் விடக் கூடாது.

அடுத்த முறை கொளத்தூருக்கோ, உங்கள் ஊர் மீன் கடைக்கோ போனால், பை கட்டச் சொல்வதற்கு முன் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது எவ்வளவு பெரிதாகும்? என் தொட்டியில் இருப்பவரோடு ஒத்துப்போகுமா? பெரிதானால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் நம்பி வாங்கலாம். மூன்றாவதற்கு ‘ஏரியில விட்டுடுங்க’ என்று பதில் வந்தால், அங்கே மீன் வாங்காதீர்கள்.